இன்ஸ்ட்ருமென்டல்: கருவியிசையா, தனிமெட்டா, சொல்லிலியா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ராக், பாப், மின்னணு இசையில் பாடல் வரி இல்லாமல் வரும் உருப்படியை நாம் எல்லோரும் 'இன்ஸ்ட்ருமென்டல்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வியில் இந்த இழை நல்ல சூடு பிடித்திருக்கிறது. நான் அதிகம் கேட்பது இந்த இசையைத்தான். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

> 'கருவியிசை' என்று கையில் ஒரு சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, கருவியிசை நல்ல சொல்தான். வாய்ப்பாட்டுக் கச்சேரி, வாத்தியக் கச்சேரி என்று மேடை பிரிகிற இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். நாம் பேசுகிற இசையில் அது நிற்காது. ஓர் உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் இரண்டாவதாக வருவதற்குப் பெயர்கூடக் கிடையாது, '2/1' என்ற எண் மட்டும்தான். அதில் ஒரு கருவியும் இல்லை. முழுக்க மனிதக் குரல். சிலர் 'ஆ' என்று ஆளுக்கொரு சுரத்தை நீட்டிப் பாட, ஒவ்வொன்றையும் தனித்தனி நாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். ஒரு சுரம் 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும். அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் அதிகம். நாடா அவ்வளவு நீளம் என்பதால் ஸ்டுடியோவில் கிடந்த அலுமினிய நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓட விட்டதாக ஈனோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வளையங்களின் நீளம் ஒன்றோடொன்று பொருந்தாததால் சுரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகச் சந்திக்கும். இரண்டு குரல் சேரும், நெடுநேரம் மௌனம் வரும், எங்கிருந்தோ மூன்றாவது குரல் வந்து இறங்கும். இதைக் 'கருவியிசை' என்று அட்டவணையில் போட்டால் அது பச்சைப் பொய். ஆனால் வழக்கத்தில் இதை இன்ஸ்ட்ருமென்டல் வரிசையில்தான் வைக்கிறார்கள். அங்கே இருப்பது சரியும்கூட.

இன்னொன்று, பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' (1973). கிளேர் டோரி என்ற பாடகியை ஏபி ரோடு ஸ்டுடியோவுக்கு அழைத்து, மரணத்தைப் பற்றியது, பாட வரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கம்போல 'பேபி', 'யே' என்று தொடங்கியவரைச் சொற்களே வேண்டாம் என்று தடுத்தார்கள். அப்புறம்தான் தன் குரலை ஒரு கருவியாக நினைத்துக்கொண்டு பாடினார். அன்று அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்து, இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயரும் ஏறியது. ஒரு சொல்கூடப் பாடாமல் அந்தக் குரல் கதறி, மன்றாடி, அடங்கிப் போவதை இரவில் விளக்கணைத்துக் கேட்டுப் பாருங்கள். நடுவே இரண்டொரு பேச்சுக் குரலும் வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

> மிடறும் கருவிதான் என்பது நம் மரபு. அப்படியானால் 'கருவியிசை' குரலையும் அடக்குமே?

அம்மா எடுத்துக்காட்டியது மிக முக்கியமானது. சிலப்பதிகார உரைமரபில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்பவற்றோடு மிடற்றுக்கருவியும் எண்ணப்படுகிறது. தொண்டையைக் கருவிகளோடு ஒரே வரிசையில் வைத்த மரபு நம்முடையது. இதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் காரணத்தாலேயே 'கருவியிசை' நமக்கு உதவாமல் போகிறது. மிடறும் கருவி என்றால் வரியோடு பாடும் பாட்டும் கருவியிசைதான். எல்லாவற்றையும் அடக்கிய பெயர் எதையும் பிரித்துக் காட்டாது.

ஆகவே கோட்டைக் கருவிக்கும் குரலுக்கும் நடுவே போடக்கூடாது, இசைக்கும் சொல்லுக்கும் நடுவே போட வேண்டும். பாடல் வரி இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையை, பழைய பெயரில் ஆளத்தியை, நினைத்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதும் அல்ல.

> தனிமெட்டு. மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறோம். பாட்டே வேண்டாத மெட்டு தனிமெட்டு.

இந்த இழையில் வந்தவற்றுள் காதுக்கு இனியது இதுதான். சினிமாவில் மெட்டு என்றாலே வரிக்குக் காத்திருப்பது. காத்திருக்காத மெட்டுக்குத் 'தனி' என்று அடை கொடுத்தது அழகு. ஷேடோஸ் குழுவின் 'அப்பாச்சி' (1960), டொர்னேடோஸ் குழுவின் 'டெல்ஸ்டார்' (1962) போன்றவற்றை இந்தச் சொல் அப்படியே அள்ளிக்கொள்ளும். 'டெல்ஸ்டார்' அந்த ஆண்டு ஜூலையில் ஏவிய தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் பெயர். இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக் லண்டன் ஹாலோவே சாலையில், ஒரு தோல்பொருள் கடைக்கு மேலிருந்த தன் வீட்டு ஸ்டுடியோவில் அதைப் பதிந்தார். கிளாவியோலின் என்ற சிறு மின்னணு விசைப்பலகையில் அந்த மெட்டு ஏறும்போது ராக்கெட் கிளம்புவது போலவே இருக்கும். அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு டொர்னேடோஸ்தான், பீட்டில்ஸ் அல்ல. கடைசிச் சுற்றில் கவனித்துக் கேளுங்கள்: கிளாவியோலினோடு சேர்ந்து ஓர் ஆண் குரலும் அதே மெட்டை 'ஆ' என்று இழுக்கும். அங்கேயும் கருவியிசை உடைகிறது, தனிமெட்டு உடையவில்லை.

ஆனால் மெட்டே இல்லாத இடத்தில் தனிமெட்டு என்ன செய்யும்? ஈனோவின் '2/1'இல் முணுமுணுக்க ஒரு மெட்டு உண்டா? அமெரிக்க கிட்டார் கலைஞர் லிங்க் ரேயின் 'ரம்பிள்' (1958) என்ன? கிட்டாரில் சேர்த்து மீட்டும் சில சுரக்கொத்துகள் (கார்டு), நிதானமான நடை, அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் தாளைப் பென்சிலால் குத்திக் கிழித்து, அதிலிருந்து வந்த கரகரப்பையே இசையாக்கினார். அந்த உருப்படியின் உயிர் மெட்டில் இல்லை, ஒலியின் முரட்டுத்தனத்தில் இருக்கிறது. டிஜே ஷேடோ 1996இல் பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளை வெட்டி அடுக்கியே ஒரு முழுத் தொகுப்பைச் செய்தார். அதில் மெட்டைவிடத் தாளமும் ஒலியின் சாயலும்தான் முன்னால் நிற்கின்றன. ஆகவே தனிமெட்டை விட்டுவிட வேண்டாம், உட்பிரிவாக வைத்துக்கொள்வோம். மெட்டு மேலோங்கிய உருப்படிக்கு அது.

'பின்னணி இசை'யை நான் அறவே ஏற்கவில்லை. சொல் இல்லாத எதையும் இளைஞர்கள் 'பிஜிஎம்' என்கிறார்கள், தெரியும். படத்துக்குப் பின்னால் வருவதுதான் பின்னணி. 'டெல்ஸ்டார்' எதற்கும் பின்னால் வரவில்லை.

எனவே என் பரிந்துரை: சொல்லிலி.

சொல் + இலி. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும், அவ்வளவே புணர்ச்சி. எண்ணலாம்: ஒரு சொல்லிலி, பத்துச் சொல்லிலிகள். 'கருவியிசைகள்' என்று யாரும் எழுத மாட்டார்கள். உருப்படியைக் குறிக்க எண்ணக்கூடிய பெயர் நமக்குக் கட்டாயம் வேண்டும். அடையும் ஏற்கும்: ராக் சொல்லிலி, பாப் சொல்லிலி, மின்னணுச் சொல்லிலி.

> 'இலி' என்றதும் எங்களுக்கு 'ஏதிலி'தான் காதில் விழுகிறது. இல்லாமையைப் பெயராக வைக்க வேண்டுமா?

ஈழத்து நண்பர் எழுதிய இந்த வரியை எளிதாகக் கடந்து போக முடியாது. அகதியைக் குறிக்கும் ஏதிலி என்ற சொல்லின் பாரம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த விகுதியை வறுமைக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதுகெலும்பிலி என்று பள்ளிப்பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே அது வகைப்பெயர், குறை சொல்வதல்ல. ஒப்பிலியப்பன் என்று பெருமாளையே அழைக்கிறோம். இல்லாமைதான் அங்கே உயர்வு.

சொல் இல்லாததால் இந்த உருப்படிகள் ஏழையாகவும் இல்லை. மேலே சொன்ன 'ரம்பிள்' அமெரிக்காவில் சில வானொலி நிலையங்களில் தடைபட்டது. வரியே இல்லாத இசைக்குத் தடை! அந்தத் தலைப்பு தெருச்சண்டையைக் குறிக்கும் கொச்சை. ஒலியும் அதற்கேற்ற மிரட்டல். கேட்டால் பிள்ளைகள் அடிதடியில் இறங்குவார்கள் என்று பயந்தார்கள். ஒரு சொல்லும் பேசாமல் இத்தனை பேரைக் கலங்க வைத்த இசையைக் குறைபட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

> 'டெக்கீலா'வில் ஒரு சொல் வருகிறதே, அது சொல்லிலியா?

சேம்ப்ஸ் குழுவின் அந்த உருப்படியில் (1958) சாக்ஸஃபோன்காரர் 'டெக்கீலா' என்று மூன்று முறை கூவுவார். வேறு சொல் கிடையாது. என் தீர்ப்பு: சொல்லிலிதான். கூவலை எடுத்துவிட்டாலும் உருப்படி நிற்கும். பிங்க் ஃபிளாய்டில் வரும் பேச்சுத் துணுக்குகளுக்கும் இதே அளவுகோல். மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' (1973) இசைத்தட்டில் முதல் பக்கத்தின் முடிவில் ஒருவர் கருவிகளின் பெயரை ஒவ்வொன்றாக அறிவிப்பார். இரண்டாம் பக்கத்தில் ஓர் ஆதிமனிதக் குரல் உறுமும். இரண்டும் அதைப் பாட்டாக்கிவிடவில்லை. மாறாக, டாஃப்ட் பங்க் என்ற மின்னணு இசைக் குழுவின் 'அரவுண்ட் த வேர்ல்ட்' (1997) ஒரே தொடரை நூறு தடவைக்கு மேல் பாடுகிறது. அந்தத் தொடரை எடுத்தால் உருப்படி சரிந்துவிடும். ஆகவே அது சொல்லிலி அல்ல.

எல்லையில் நிற்பவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது ரஷ் குழுவின் 'ஒய்ஒய்இசட்' (1981). டொராண்டோ விமான நிலையத்தின் அடையாளக் குறியீடு அது. அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்தி முறையில் தட்டினால் வரும் நெடில் குறில் அடுக்குதான் தொடக்கத் தாளம். நெடில்-குறில்-நெடில்-நெடில், மறுபடி அதுவே, பிறகு நெடில்-நெடில்-குறில்-குறில். விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள், உடனே பிடிபடும். எழுத்து உண்டு, சொல் இல்லை. சொல்லிலி என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான உருப்படி எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்திலிருந்து இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) எதில் சேரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கிய அந்தத் தொகுப்பும் சொல்லிலிகளின் தொகுப்பே.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பாப், ஹிப்ஹாப் வட்டாரத்தில் இன்ஸ்ட்ருமென்டலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பாடி வெளியான பாட்டில் குரலை மட்டும் எடுத்துவிட்ட பதிவு. ஹிப்ஹாப் 12 அங்குல இசைத்தட்டுகளில் பாட்டோடு சேர்த்து இதையும் தருவது வழக்கம். மேலே வேறொருவர் தன் வரியைப் பாடிக்கொள்ளலாம். நம் மெல்லிசைக் குழுக்கள் 'மைனஸ் ஒன்', 'கரோக்கி' என்பவையும் ஏறக்குறைய இதே. இது சொல்லிலி அல்ல. சொல்லிலிக்குச் சொல் ஒருபோதும் தேவைப்படவில்லை. இதுவோ சொல்லுக்கு இடம் விட்டு நிற்கிறது. இதற்குக் 'குரல்நீக்கம்' என்று முன்மொழிகிறேன். இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் மொழிபெயர்ப்பவர்கள் திண்டாடிப்போவார்கள்.

குழும அகராதிக்கான பதிவு வரைவு:

சொல்லிலி (பெ.): பாடல் வரியைச் சாராமல், ஒலியாலும் தாளத்தாலும் மெட்டாலும் நிற்கும் இசை உருப்படி. சொல்லற்ற குரலோ ஓரிரு கூவலோ இடம்பெறலாம். உட்பிரிவு: தனிமெட்டு. ஒப்பிடுக: குரல்நீக்கம்.

'குரல்நீக்கம்' செயலைக் குறிக்கிறதா, பதிவைக் குறிக்கிறதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் நெருடல் இருக்கிறது. ஒலிப்பதிவுத் துறையில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதற்கு வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள். வரைவில் அதையே சேர்த்துவிடலாம்.

அன்புடன்.