கலைச்சொல் வேண்டும்: ஓடு ஒன்றுபோல், மரபணு வேறாக

திருச்சியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை விலங்கியல் நூலில் மெல்லுடலிகள் இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பார்வைக்கு ஒரே சிற்றினமாக இருந்து, மரபணுவைப் படித்தால் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிபவற்றை 'கிரிப்டிக் ஸ்பீஷீஸ்' என்கிறார்கள். இதற்குத் தமிழ் வேண்டும்.

நூல் எடுத்துக்கொண்டிருப்பது மைட்டிலஸ் பேரினத்துச் சிப்பிகளை. லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட எடுலிஸ், லாமார்க் 1819-இல் பெயரிட்ட காலோபுரோவின்சியாலிஸ், கூல்டு 1850-இல் பெயரிட்ட ட்ரோசுலஸ். அலையடிக்கும் பாறையா, அமைதியான கழிமுகமா, நெருக்கமாக வளர்ந்ததா என்பதைப் பொறுத்தே ஓட்டின் வடிவம் மாறிவிடுகிறது. போதாததற்கு, சேர்ந்து வாழும் இடங்களில் கலப்பினமும் உண்டாகிறது. சிப்பி பாறையில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒட்டுப்புரதத்தின் மரபணுவில் ஒரு துண்டின் நீளத்தை 1995 முதல் அளந்து பார்க்கிறார்கள்: எடுலிஸில் 180 கார இணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு), ட்ரோசுலஸில் 168, காலோபுரோவின்சியாலிஸில் 126. ஓட்டில் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கிறது. நான் 'மறைசிற்றினம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:

அம்மா, 'கரவினம்' என்று வையுங்கள். கரத்தல் என்றால் மறைத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்று குறளே கையாண்ட வினை. நல்ல வேர், ஐந்தே எழுத்து, அடைமொழியாகவும் வளையும்: கரவுயிரி, கரவுவேறுபாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிர்களுக்கு 'இருவோட்டுடலி' என்ற நீண்ட சொல் ஏன்? 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்கிறது தொல்காப்பிய மரபியல். முரள் என்பதற்கு இப்பி, கிளிஞ்சல் முதலியவை என்று உரையில் பொருள் கொள்கிறார்கள். நந்து சங்கு, நத்தை வகை. ஒற்றை ஓட்டுக்கு நந்து, இரட்டை ஓட்டுக்கு முரள். இரண்டு வகுப்புகளையும் பிரித்து வைத்த சொற்கள் நம் கையில் இருக்க, புதிதாக ஒட்டுப்போட வேண்டுமா?

தூத்துக்குடியிலிருந்து:

ஐயா, முரள் அழகான சொல்தான். ஆனால் வகுப்பில் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் புரியாது. முத்துச்சிப்பிப் படுகையை இங்கே 'பார்' என்பார்கள், மன்னார் வளைகுடாவில் தோலாயிரம் பார் என்று பெயரே உண்டு. அப்படி வாழும் சொல்லை எடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கரவினம் எனக்கு ஒப்பவில்லை. கரவு என்றாலே வஞ்சனை வாடை வருகிறது, கரவடம் என்றால் திருட்டு. அந்தச் சிப்பி யாரையும் ஏமாற்றவில்லையே. நாம் வெளி ஓட்டை மட்டும் பார்த்தோம், அவ்வளவுதான். பழியை விலங்கின்மேல் போடும் சொல் வேண்டாம். 'உருவொத்த சிற்றினம்' என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

எங்கள் முத்துச்சிப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிங்க்டாடா ஃபியூகேட்டா, ரேடியேட்டா, இம்ப்ரிகேட்டா மூன்றும் ஒன்றா வேறா என்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒன்றுதான் என்றால் மூத்த பெயர் நிற்கும். அது 1798-இல் வைத்த இம்ப்ரிகேட்டா. இன்னொரு முத்துச்சிப்பியான கருவுதட்டுச் சிப்பியில் இந்தச் சிக்கலே கிடையாது. இரு ஓடுகளும் இணையும் கீலில் அதற்குப் பற்கள் இல்லை, ஃபியூகேட்டாவில் உண்டு, ஓட்டைத் திறந்தாலே போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எல்லோரும் 'சிற்றினம்' என்றே எழுதுகிறீர்கள். எங்கள் பாடநூல்களில் அது 'இனம்', அதற்கு மேலே 'சாதி'. நீங்கள் பேரினம் என்பது எங்களுக்குச் சாதி. மறைசிற்றினம் என்று அச்சிட்டால் இங்குள்ள மாணவர் சிற்றினம் என்பது இனத்துக்குக் கீழான பிரிவு என்று நினைப்பார். 'மறையினம்' என்றால் இரு கரைக்கும் பொருந்தும்.

அத்துடன் ஒரு அறிவியல் எச்சரிக்கை, அதையும் நூலில் சேர்க்க வேண்டும். மரபணு சொல்லிவிட்டால் முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே வரும் என்று படிக்கிறோம். மைட்டிலஸில் அப்படியில்லை. பெண் சிப்பி தாயின் இழைமணியைப் பெறுகிறது, ஆண் சிப்பி இரண்டையும் பெறுகிறது, அதன் இனவுறுப்பில் தந்தைவழி வந்ததே மிகுந்திருக்கும். அந்த இரு வழிகளும் ஒன்றுக்கொன்று 20 விழுக்காட்டுக்கும் மேல் வேறுபடும். ஆணின் விந்தகத்திலிருந்து மாதிரி எடுத்து, பெண்ணின் மாதிரியோடு ஒப்பிட்டால், ஒரே இனத்தின் கணவனும் மனைவியும் இரண்டு இனமாகிவிடுவார்கள். அதனால்தான் உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுவையும் கூடவே பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

கோவையிலிருந்து:

'உருவொத்த' என்பதில் எனக்கு ஒரு தடை. வெளி வடிவம் ஒத்திருக்கிறது, சரி. ஆனால் மைட்டிலஸ் ஓட்டின் உட்புறத்தில் ஓட்டை மூடும் முன்தசை பதிந்த தழும்பின் நீளம், கீல்தட்டின் நீளம் இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் பெரும்பாலானவை பிரிந்து வருகின்றன. அப்படியானால் உரு ஒக்கவில்லையே! பிறகு வேறுபாடு தெரியவந்தால் 'உருவொத்த' பொய்யாகிவிடும். 'மறை' பொய்யாகாது, மறைந்திருந்தது பிறகு தெரிந்தது என்று நிற்கும். மரபணு பிரித்துக் காட்டியபின் திரும்பிப் போய் ஓட்டை அளப்பது இந்தத் துறையில் வழக்கமாக நடப்பது, அதற்கு இடம் கொடுக்கும் சொல்தான் வேண்டும்.

மதுரையிலிருந்து:

கரவினத்துக்குத் திருட்டு வாடை என்றால் 'மறை' என்பதற்கும் மறைமுகம், மறைப்பு என்ற வாடை உண்டு. சரி, அதை விட்டேன். 'அக்கிளைப் பிறப்பே' என்று நான் முன்பு காட்டிய தொல்காப்பிய நூற்பா முடிகிறது. உடன்பிறப்புச் சிற்றினம் ('சிப்ளிங் ஸ்பீஷீஸ்') என்று விலங்கியலார் சொல்வதற்குக் 'கிளைப்பிறப்பு' என்ற சொல்லாவது இருக்கட்டும்.

தூத்துக்குடியிலிருந்து:

கோவை ஐயா சொன்ன உட்புற அளவுகளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மறை என்ற சொல் வேதத்தையும் குறிக்கும், திருகில் வரும் மறையையும் குறிக்கும். பிள்ளைகள் குழம்புவார்கள் என்பதே என் கருத்து. எதிர்ப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டது. நூலின் உடற்பகுதியில் 'மறைசிற்றினம்', முதல் முறை வரும் இடத்தில் 'பார்வைக்கு ஒத்த, மரபணுவால் பிரியும் சிற்றினம்' என்று விளக்கம். சொல்லடைவில் 'மறையினம்' என்பதற்கு இலங்கை வழக்கு என்ற குறிப்போடு தனிப் பதிவு. இழைமணிச் செய்தி பெட்டிச் செய்தியாக வருகிறது. இருவோட்டுடலி அப்படியே நிற்கும்.

மதுரையிலிருந்து:

அடுத்த பதிப்பில் முரள் பற்றி மீண்டும் எழுதுவேன். அது 'முரல்' என்ற ஒலித்தல் வினையோடு சேர்ந்ததா, தனி வேரா என்று சுவடி பார்த்தவர்கள் யாராவது சொன்னால் அதற்குள் உதவியாக இருக்கும்.