கல்யாண மண்டபத்துக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டவரை நக்கலடிச்சன், இப்ப சிநேகிதியும் கோவம், என்ன செய்ய?

கொக்குவில்காரி:
வணக்கம், கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு 32. ஆறாம் வகுப்பில இருந்து ஒரே வாங்கில இருந்த சிநேகிதி, ஏ.எல் ரியூசனுக்கு ஒரு சைக்கிள்ல டபிள்ஸ் போனனாங்கள், நாலு வருசத்துக்கு முதல் கனடா போயிட்டா. இந்த ஆனியில இஞ்ச வந்துதான் கல்யாணம் செய்தவ. நான் ஒரு கிழமை லீவு போட்டு நிண்டன், அவ எண்டா கனடாச் சிநேகிதிமாரோட ஒரே நிறத்தில சாறி கட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு நிண்டா. எனக்கு அந்தச் சாறி இல்லை. சின்ன விசயம்தான், ஆனா இன்னும் சுடுது.

அந்தக் கடுப்பில இருக்கேக்கதான் மாப்பிள்ளையின்ர சிநேகிதன் ஒருத்தர் வந்தார், கோட் சூட், கறுப்புக் கூலிங் கிளாஸ், ஒருத்தருக்கும் கை குடுக்கேல்லை, பந்தியிலயும் இருக்கேல்லை, ஒரு தூணடியில தனிய நிண்டார். பக்கத்துக் கதிரையில இருந்த அன்ரியிட்ட, "பாருங்கோ அன்ரி, மண்டபத்துக்குள்ள அவருக்கு மட்டும் வெயில் எறிக்குது போல" எண்டன். அன்ரி ஒண்டும் கதைக்கேல்லை. பலகாரப் பையைத் திறந்து ஒரு பயித்தம் பணியாரத்தை எடுத்துத் தந்து "சாப்பிடு பிள்ளை" எண்டா. நானும் சாப்பிட்டன்.

பேந்து நல்லூர்த் திருவிழா, 23ஆம் நாள் சப்பறம், கச்சான் கடையடியில அதே அன்ரி. பக்கத்தில வேட்டியோட, சேட்டைக் கழட்டித் தோளில போட்டுக்கொண்டு, திருநீறு பூசினபடி ஒரு ஆள். "இவன்தான் பிள்ளை, வெயில் எறிச்ச ஆள், என்ர மூத்தவன்" எண்டு சொல்லிப்போட்டு அவ கச்சான் விலை கேக்கப் போயிட்டா. எனக்கு அப்பிடியே அடியழிக்கிற பொம்பிளையளோட விழுந்து கும்பிட்டுக்கொண்டே தப்பி ஓடுவமோ எண்டு இருந்தது.

அண்டைக்கு அவருக்குக் கண்நோயாம். ஆக்களுக்குத் தொத்தும் எண்டு கிட்ட வராம நிண்டிருக்கிறார், சாப்பாட்டையும் பார்சல் கட்டிக்கொண்டு போனவராம்.

மிச்சக் கதை உங்களுக்கு விளங்கும். ரெண்டு சனிக்கிழமை பண்ணைக் கடற்கரையில இருந்து பொழுது படுறதைப் பாத்தனாங்கள். சிநேகிதிக்குச் சொல்லேல்லை, கூப்பிட்டா எடுக்கிறாவே இல்லை, ரீல்ஸ் மட்டும்தான் வரும். இப்ப அவட மனிசன் வழியாத் தெரிஞ்சிட்டுது. வந்த மெசேஜ்: "ஓ. சந்தோசம்." அவ்வளவுதான். இருபது வருசமா முற்றுப்புள்ளி போடாத பெட்டை ரெண்டு முற்றுப்புள்ளி போட்டிருக்கிறா. ஆறு நாளாச்சு. கல்யாணத்தோட மாறிட்டாவோ, இல்லாட்டி நான்தான் பிழையோ?

பனங்கொட்டை:
அந்த அன்ரிக்குத்தான் என்ர வோட்டு. மோனை நக்கலடிக்கிறவளுக்கே பணியாரம் குடுத்து வாயை அடைச்சிருக்கிறா. மாமியா வந்தா கவனம் 😂

சந்தைக்குப்_போனவன்:
தங்கச்சி, வெளிநாடு போனவை எல்லாம் இப்பிடித்தான். விட்டிட்டு உங்கட அலுவலைப் பாருங்கோ.

ஸ்காபரோக்_குளிர்:
அண்ணை, "எல்லாம் இப்பிடித்தான்" எண்டு லேசாச் சொல்லிப்போட்டியள். நான் வந்து 11 வருசம். ரொரன்ரோ இப்ப உங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, நவம்பரில மணிக்கூட்டைத் திருப்பினா பத்தரை. தங்கச்சி வேலையால வந்து இரவு எட்டுக்குக் கூப்பிட்டா இஞ்ச காலமை பத்தரை, போன் லொக்கருக்குள்ள கிடக்கும். ரீல்ஸ் எண்டது பஸ்ஸுக்கு நிக்கேக்க விறைச்ச விரலால அனுப்புறது, அதுவும் நினைப்பு வந்தாத்தான் அனுப்புவம். விடிய 6.30க்கு எடுத்துப் பாருங்கோ, இஞ்ச முதல்நாள் இரவு ஒன்பது மணி.

சாறி விசயமும் சொல்லுறன். நாங்களும் ஒருத்தியின்ர கல்யாணத்துக்கு ஆளுக்காள் டொலர் சேத்து அப்பிடி எடுத்தனாங்கள். ஊரில இருக்கிறவளிட்ட அந்தளவு காசு எப்பிடிக் கேக்கிறது எண்டு கூச்சத்தில ஒருத்தியை விட்டிட்டம். அவள் இண்டைக்கும் என்னோட கதைக்கிறேல்லை.

புத்தகப்பூச்சி:
நான் கம்பசில உளவியல் படிச்சனான், கொஞ்சம் அலட்டுவன். 1946-ல சொலமன் ஆஷ் எண்டவர் ஒரு ஆளைப் பற்றி ஒரே ஆறு குணத்தை ரெண்டு கூட்டத்துக்கு வாசிச்சுக் காட்டினார், ஒண்டுக்கு புத்திசாலியில தொடங்கி பொறாமைக்காரனில முடிச்சார், மற்றதுக்குத் தலைகீழா. நல்லதை முதல் கேட்டவை அந்த ஆளை நல்லவனாக் கண்டினம், மற்றவை அவனில பிழை கண்டினம். உங்களுக்கு முதல் வந்தது கூலிங் கிளாஸ், பேந்து எல்லாம் அதுக்குள்ளால பாத்ததுதான்.

ஆனா கண்நோய் எண்ட உடன அவரை மன்னிச்சுப் பண்ணைவரைக்கும் போயிட்டியள் எல்லே, சிநேகிதிக்கு என்ன நோய் எண்டு ஒருக்காவாவது கேட்டனீங்களோ? 2018-ல ஜெஃப்ரி ஹோல் எண்ட அமெரிக்க ஆய்வாளர் நெருங்கின சிநேகிதம் வர 200 மணித்தியாலத்துக்கு மேல சேந்து செலவழிக்க வேணும் எண்டு கணக்குக் காட்டினவர். அந்தச் சாறிக்காரியள் அவவோட அங்க அதைச் செலவழிச்சிருப்பினம். உங்கட சைக்கிள் கணக்கு அதால குறையாது.

கொக்குவில்காரி:
அப்டேட். இண்டைக்கு விடிய 6.30க்கு எடுத்தன். ரெண்டாவது ரிங்கிலயே எடுத்தா. ஹலோ இல்லை ஒண்டுமில்லை, "என்னடி, அங்க வெயில் எறிக்குதோ?"

அன்ரி கல்யாணத்தண்டு பின்னேரமே "அந்த வாய்க்காரப் பிள்ளை ஆர்?" எண்டு இவளிட்ட விசாரிச்சவவாம். இவள் என்ர சாதகத்தைத் தவிர மிச்சம் எல்லாம் சொல்லிப்போட்டு, நானாச் சொல்லுவன் எண்டு இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவளாம். அதுதான் அந்த முற்றுப்புள்ளி. சாறியைப் பற்றியும் கேட்டன். ஸ்காபரோ அக்கா சொன்ன மாதிரித்தான், அதுக்கு மேல இஞ்ச எழுதேல்லை.

இப்ப அவவுக்கு நல்லூர்க் கச்சான் ஒரு கிலோ வேணுமாம். திருவிழாக் கடையெல்லாம் கழட்டியாச்சு, நான் எங்க போக? ஆரும் கிட்டடியில கனடாவுக்குப் பார்சல் போட்டனீங்களோ, கிலோவுக்கு எவ்வளவு எடுக்கிறாங்கள்?