டிபி அனுபவத்தை எழுதும்போது வீட்டார் செய்ததையும் எழுதலாமா?

நொய்யல்கரை: திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தபோது எனக்கு டிபி வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானேன். அதைப் புத்தகமாக எழுதுகிறேன். என் தட்டையும் டம்ளரையும் மாமியார் தனியாகப் பிரித்துத் திண்ணையில் கவிழ்த்து வைத்தார். இதை எழுதலாமா, விட்டுவிடலாமா?

காங்கேயத்தான்: விட்டுருங்க அக்கா. பெருந்துறை டிபி ஆஸ்பத்திரி, அந்த சானடோரியம் என்றாலே ஒதுங்கிப்போன காலத்து மனுசி, பயந்திருப்பாங்க. நாளைக்கு உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கணும். நோயை எழுதுங்க, மருந்தை எழுதுங்க. குடும்பம் எதுக்கு?

வேப்பமரம்: அதுக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸே போதுமேங்க! நுரையீரல் டிபி காற்றில் பரவுகிறது, தட்டில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. சரியான மருந்து தொடங்கிச் சில வாரத்தில் பரவுவதும் வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறமும் எத்தனை வீட்டில் தட்டு திண்ணையிலேயே கிடக்கிறது? அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தில் மிச்சம் இருமல்தான்.

காங்கேயத்தான்: சரி, எழுதட்டும். ‘வீட்டில் ஒருவர்’ என்று போட்டால் போதாதா?

வேப்பமரம்: வீட்டில் இருப்பதே நாலு பேர். ஊருக்குத் தெரியாதாக்கும்!

மாத்திரை டப்பா: நானும் இதே மாத்திரை சாப்பிட்டவன். தட்டு இருக்கட்டும், ‘மன உறுதியால் வென்றேன்’ என்று மட்டும் எழுதிடாதீங்க. என்னைக் காப்பாற்றியது மருந்து. முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூணு. அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டியே யாரும் சொல்லாததால் ரத்தம் என்றே நினைத்தேன். இருமல் நின்றதும் ‘இனி எதுக்கு மாத்திரை?’ என்று தோன்றும். பாதியில் விட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவதும், மருந்துக்கு அடங்காமல் போவதும் அங்கேதான். ஒன்றுமே நடக்காத அந்த மாதங்களை நிறைய எழுதுங்க. பெரும்பாலானவர்கள் அதை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

நொய்யல்கரை: எழுதுகிறேன் அண்ணா. ஆனால் அந்த மாதங்களிலும் மாமியார் வருகிறார். மாத்திரை குமட்டுகிறது என்று விடியற்காலையில் கம்பங்கூழ் கரைத்து வைத்தது அவர்தான். அதையும் திண்ணையில்தான் வைத்தார்.

வேப்பமரம்: இரண்டையும் அப்படியே எழுதுங்க. கூழுக்காகத் தட்டை மன்னிச்சு விட்டுராதீங்க.

காங்கேயத்தான்: அச்சுக்குப் போகும் முன்னாடி அவங்களுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்க. வேண்டாம்னு சொன்னா எடுத்துருங்க.

நொய்யல்கரை: வாசித்துக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் அதையும் சேர்த்து எழுதுவேன்.

காங்கேயத்தான்: அப்புறம் எதுக்குங்க்கா கேட்கிறது? அது நியாயமே இல்லை.