கடலோர வீடு: பால்கனி மெஷ்ஷில் துரு, என்ன செய்யலாம்?

தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. காற்று தடைபடக்கூடாது என்று மாடி பால்கனி கைப்பிடிக்கு மெஷ் போட்டோம். எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) வெல்டு மெஷ், 50 மி.மீ. கண்ணி, 3 மி.மீ. கம்பி, சுற்றிலும் பெயின்ட் அடித்த எம்.எஸ். (சாதாரண இரும்பு) சட்டம். போட்டது போன தை மாதம். ஐப்பசி மழை முடிந்ததும் வெல்டு முனைகளிலும், சட்டத்தைத் தொடும் இடங்களிலும் பழுப்புக் கறை.

சோப்புத் தண்ணீர், ஸ்காட்ச் பிரைட், அப்புறம் பிக்ளிங் பேஸ்ட் (வெல்டு கறை எடுக்கும் அமிலப் பசை) எல்லாம் பார்த்தாயிற்று. கறை போகிறது, உப்புக் காற்றில் திரும்ப வந்துவிடுகிறது. மேலே லாக்கர் பூச்சு அடித்தால் உரிகிறது. பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் இடம், வெல்டு விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மாலிப்டினம் கலந்த எஸ்.எஸ். 316 ரக மெஷ்ஷுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். கடலோரத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டு உலோகமும் தொடாதபடி நடுவில் நைலான் வாஷர் கொடுத்து அதே எம்.எஸ். சட்டத்தில் பொருத்தினால் தாங்குமா, இல்லை சட்டத்தையும் மாற்றித்தான் ஆகவேண்டுமா?