அம்மா வழிக் குழு: ஹட்டன் வீட்டுக் குளியலறை

ஹட்டன் அக்கா: எல்லோருக்கும் காலை வணக்கம். கீழ்க் குளியலறையில் அழுகிய முட்டை நாற்றம். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வந்து பார்த்த மேசன் பாஸ், டைல் முழுவதையும் உடைத்தால்தான் தெரியும் என்கிறார். உடைக்கக் கூலி தனியாம், திரும்பப் பதிக்கக் கூலி தனியாம்.

பண்டாரவளை சித்தி: பினாயிலை ஊற்றிச் சாம்பிராணி போடு. வருகிறவர்கள் குளியலறைக்குள்ளேயா உட்காரப் போகிறார்கள்?

ஹட்டன் அக்கா: இரண்டும் செய்துவிட்டேன் சித்தி. இப்போது கோயிலுக்குள் முட்டை அழுகியதுபோல் இருக்கிறது.

பதுளை மாமா: மூடிய அறையில் நெருப்புத் துண்டு வைக்காதே அம்மா. மலக்குழியிலிருந்து வருகிற குழிவாயுவில் நாறுவது ஐதரசன் சல்பைட்டு. கூடவே வருகிற மெதேனுக்கு நாற்றம் இல்லை, ஆனால் தீப்பற்றும். கொமட் கழுவும் அமிலத்தையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றிவிடாதே, குளோரின் கிளம்பும். பாஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

கொழும்பு தம்பி: அக்கா, நாற்றம் எப்போதும் ஒரே மாதிரியா? எக்சோஸ்ட் விசிறி போட்டால் கூடுகிறதா, குறைகிறதா?

ஹட்டன் அக்கா: கூடுகிறது! அதுதான் விசித்திரம்.

கொழும்பு தம்பி: கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் விசிறி காற்றை எங்கிருந்து இழுக்கும்? திறந்து கிடக்கிற குழாயிலிருந்துதான். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நாற்றம் போக விசிறி கேட்பார்கள். நான் விற்றும் விடுவேன், என்ன செய்வது.

பண்டாரவளை சித்தி: எனக்கு உங்கள் கீழ்வீட்டுக்காரர்மேல்தான் சந்தேகம். அவர்களுடைய குழியின் காற்றுக் குழாய் உங்கள் ஜன்னல் மட்டத்துக்குத்தானே நிற்கிறது? மலைச்சரிவில் வீடு கட்டினால் ஒருவர் கூரை இன்னொருவர் வாசல்.

ஹட்டன் அக்கா: நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி முழுவதும் ஜன்னலைச் சாத்தி வைத்தேன், காலையில் இன்னும் மோசம். வெளியிலிருந்து வந்தால் குறைந்திருக்க வேண்டுமே.

பதுளை மாமா: சரியாக யோசித்திருக்கிறாய். இன்று இரவு தரைத் துவாரத்தின்மேல் ஈரத்துணி, அதன்மேல் பொலித்தீன், அதன்மேல் ஒரு கல். பேசின் துவாரத்தையும் அடை. கொமட்டை அப்படியே விடு.

(மறுநாள்)

ஹட்டன் அக்கா: மாமா, காலையில் அறையில் நாற்றமே இல்லை! பேசினைத் திறந்தேன், ஒன்றும் இல்லை. தரையிலிருந்த கல்லை எடுத்ததும் முகத்தில் அடித்தது.

பதுளை மாமா: அப்படியானால் கொமட் அடியில் சிமெந்து வெடிப்பு இல்லை, டைலுக்கும் வேலை இல்லை. தரைத் துவாரத்துக்குக் கீழே உள்ள வளைந்த குழாயில், அதாவது ட்ராப்பில், தண்ணீர் நிற்கவில்லை. அந்த வளைவில் 2 அங்குலத் தண்ணீர் நின்றால் போதும், குழிவாயு மேலே வராது. இந்த வளைவுக்கு 1775இல் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கமிங் ஒரு ஸ்கொட்லாந்துக் கடிகாரக்காரர். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான்.

பண்டாரவளை சித்தி: அண்ணா ஓய்வு பெற்றும் வகுப்பு முடியவில்லை.

கொழும்பு தம்பி: அக்கா, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள், தீர்ந்தது. பாவிக்காத அறையில் தண்ணீர் வற்றிப் போயிருக்கும். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

பதுளை மாமா: தம்பி, அது கொழும்பு வெயிலுக்கு. ஹட்டன் குளிரில் தண்ணீர் இவ்வளவு வேகமாக வற்றுமா? அதுவும் தினமும் குளிக்கிற அறை. எதுவோ தண்ணீரை உறிஞ்சுகிறது. நீ ட்ராப்பை நிரப்பி, ஒரு ஈர்க்குச்சியை விட்டு எவ்வளவு நனைகிறது என்று பார். பிறகு கொமட்டில் ஃப்ளஷ் செய்துவிட்டு மறுபடியும் பார். சத்தத்தையும் கவனி.

ஹட்டன் அக்கா: ஃப்ளஷ் செய்ததும் தரையிலிருந்து களக் களக் என்று சத்தம். முதலில் இரண்டு விரல் அளவு நனைந்த ஈர்க்கு இப்போது நுனி மட்டும்தான் நனைகிறது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

பதுளை மாமா: அதேதான். ஃப்ளஷ் தண்ணீர் குழாயை நிறைத்துக்கொண்டு இறங்கும்போது பின்னால் காற்று வர வேண்டும். காற்றுக் குழாய் அடைத்திருந்தால் கிட்ட இருக்கிற ட்ராப் வழியாக இழுக்கும், அங்குள்ள தண்ணீரும் சேர்ந்து போய்விடும். கூரைக்குமேல் நிற்கிற குழாயைப் பாருங்கள். மழை விட்டு, தகரம் காய்ந்த பிறகு ஏறச் சொல். யாரும் குழி மூடியைத் திறந்து தலையை உள்ளே விட வேண்டாம். அங்கே வாயு அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாமலேயே ஆள் விழுந்துவிடுவான்.

(மாலை)

ஹட்டன் அக்கா: கொழுந்தனார் ஏறிப் பார்த்தார். குழாயின் மேல் மூடி உடைந்து எப்போதோ காற்றில் போயிருக்கிறது. உள்ளே சவுக்கு இலை, குச்சி, பழைய குருவிக் கூடு எல்லாம் ஈரத்தில் ஊறிக் கட்டியாகிக் கிடந்தன. கொக்கிக் கம்பியால் இழுத்து இழுத்து எடுத்தார். பிறகு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டோம், சீராக இறங்குகிறது. ஃப்ளஷ் செய்தால் சத்தம் இல்லை, ட்ராப்பில் தண்ணீர் அப்படியே நிற்கிறது.

கொழும்பு தம்பி: 4 அங்குலக் குழாய்தானே? அதற்கு மூடி பஸ்ஸில் அனுப்புகிறேன், வலையும் சேர்த்து. குழியில் நுளம்பு பெருகும், குழாயைத் திறந்தபடி விடக் கூடாது.

பதுளை மாமா: மிக நெருக்கமான வலை வேண்டாம், தூசியும் பாசியும் பிடித்து மறுபடியும் அடைத்துவிடும்.

பண்டாரவளை சித்தி: பாஸ் முற்பணம் வாங்கினாரா?

ஹட்டன் அக்கா: வாங்கினார் சித்தி. இவர் போய்ப் பேசியிருக்கிறார். அந்தப் பணத்துக்குக் கோழிக் கூட்டின் சுவரைப் பூசித் தருகிறாராம்.

பதுளை மாமா: கடைசியாகக் குழியை எப்போது இறைத்தீர்கள்?

ஹட்டன் அக்கா: வீடு கட்டியதிலிருந்து இறைக்கவே இல்லை. குழி இறைக்கிற நகர சபை லொறி, அந்தக் கலி பவுசர், மேல் வீதிவரைதான் வரும் மாமா, குழி கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது.

பதுளை மாமா: அவர்களிடம் ஹோஸ் எத்தனை அடி இருக்கிறது என்று கேள். நீயும் படி வழியாகக் கயிறு போட்டு அளந்து வை. இரண்டையும் இங்கே எழுது.