கூடு கட்டியும் ரெண்டு கோழி போச்சு, சேவலோ மூன்றரைக்கே கூவுது – வழி சொல்லுங்க

மேட்டுக்காட்டான் | மார்ச் 2, இரவு 10.15

வணக்கங்க. பெருந்துறை பக்கம் புது சைட்டுல வீடு. பின்னாடி 40 அடிக்கு 15 அடி இடம் சும்மா கெடந்துச்சு. போன மாசம் நானே ஒரு கோழிக்கூடு கட்டினேன். 6 அடி நீளம், 4 அடி அகலம், நிமிர்ந்து நிக்கற அளவு உயரம். பழைய பேலட் கட்டையில சட்டம், மூணு பக்கம் கோழி வலை, நாலாவது பக்கத்துக்குக் காம்பவுண்டு சுவரையே வெச்சுக்கிட்டேன். மேல தகரம், கீழ மண் தரை. 9 பெட்டை, 2 சேவல். எல்லாம் சிறுவிடைங்கற சின்ன நாட்டுக்கோழி வகை.

போன வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு பெட்டை போயிருச்சு. காலையில பாத்தா உடம்பு உள்ளயே கெடக்குது, தலையும் கழுத்தும் இல்ல. வலை எங்கயும் கிழியல, கதவு பூட்டின மாதிரியே இருக்கு. பாம்பா இருக்குமோன்னு வீட்டுல பயப்படறாங்க.

இதுல இன்னொரு தலைவலி. சுவத்துக்கு அந்தப் பக்கம் 8 அடியில பக்கத்து வீட்டு அய்யாவோட படுக்கையறை ஜன்னல். சேவல் மூன்றரைக்கே ஆரம்பிச்சா ஆறு மணி வரைக்கும் விடறதில்ல. அவரு ரெண்டு தடவை நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு. மூணாவது தடவை நல்ல மாதிரியா சொல்ல மாட்டாரு. சத்தம் கேக்காம இருக்கட்டும்னு கூட்டைச் சுத்தித் தார்ப்பாயும் சாக்கும் கட்டினேன். சத்தம் அப்படியேதான் இருக்கு. காலையில தொறந்தா எல்லாக் கோழியும் வாயைப் பொளந்துட்டு நிக்குது, நாத்தம் வேற.

---

வெல்டிங்பட்டறை | மார்ச் 2, இரவு 10.40

மொதல்ல அந்தத் தார்ப்பாயை அவுங்க, இன்னைக்கு ராத்திரியே. கோழிக்கு வேர்க்காது. வாயைப் பொளந்து மூச்சு விட்டுத்தான் சூட்டை வெளிய தள்ளும். மேல தகரம், சுத்தித் தார்ப்பாய், உள்ள எச்சத்தோட ஆவி. சேவல் சத்தத்துக்கு முன்னாடி கோழியே நின்னுரும்.

அப்புறம் ரெண்டு கேள்வி. தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல இடைவெளி இருக்கா? கோழிங்க ராத்திரி எங்க உக்காருது?

---

சும்மா_வந்தேன் | மார்ச் 2, இரவு 11.05

சேவல் பிரச்சனைக்கு ஒரே தீர்வு: இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய்.

---

மேட்டுக்காட்டான் | மார்ச் 3, காலை 6.50

தார்ப்பாயை அவுத்துட்டேன். (சும்மா வந்த அண்ணா, எங்க அம்மாவும் அதேதான் சொல்றாங்க. எம் பொண்ணு அந்தச் சேவலுக்குப் பேரு வெச்சுட்டா. இனி வாய்ப்பில்ல.)

காத்து போகட்டும்னு தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு 4 அங்குலம் விட்டிருக்கேன். உக்கார சுவத்தை ஒட்டியே ஒரு மூங்கில் கட்டியிருக்கு. எல்லாம் அதுலதான் தூங்குது.

---

வெல்டிங்பட்டறை | மார்ச் 3, காலை 7.30

அதுதாங்க விஷயம். பாம்புன்னா குஞ்சையோ முட்டையோ முழுசா முழுங்கும், தலையை மட்டும் கடிச்சுட்டுப் போகாது. கீரி பகல்ல சுத்தற சாதி. ராத்திரி, சுவரேறி வந்து, கழுத்தைக் கடிச்சுட்டு உடம்பை விட்டுட்டுப் போனதுன்னா எனக்கு மரநாய் மேலதான் சந்தேகம். பூனையா இருந்தாலும் ஆச்சரியமில்ல. எதுவா இருந்தாலும் அந்த 4 அங்குலம் வழியாத்தான் வந்திருக்கு. அது நுழைய எடம் போதும், கோழியை இழுத்துட்டு மேல ஏறப் பத்தாது. அதான் உடம்பு உள்ளயே கெடந்துச்சு. நீங்க மூங்கிலை வேற நேரா அதுக்குக் கீழ கட்டி வெச்சிருக்கீங்க.

ஆனா அந்த இடைவெளியைச் செங்கல் வெச்சு அடைச்சிராதீங்க. சூடும் நாத்தமும் மேல ஏறித்தான் வெளிய போகணும். அரை அங்குலக் கண்ணு வெல்டு மெஷ் (பத்தவெச்ச கெட்டிக் கம்பி வலை) வாங்கி, ஆணிக்குப் பதிலா வாஷர் போட்ட ஸ்க்ரூவுல இறுக்குங்க. கோழி வலைங்கறது கோழி வெளிய போகாம இருக்கத்தான், உள்ள வர்றதைத் தடுக்காது. நாய் ஒண்ணு மோதினாலே பிரிஞ்சுரும். மேல் பாதியில அது இருந்துட்டுப் போகட்டும், கீழ 2 அடிக்கு மெஷ் மாத்துங்க. அதே மெஷை வெளிப்பக்கம் தரையோட தரையா ஒண்ணரை அடி விரிச்சு மேல கல்லையும் மண்ணையும் போட்டுருங்க. பெருச்சாளி கூட்டோரமாத்தான் தோண்ட ஆரம்பிக்கும், மெஷ்ல பல்லு பட்டா விட்டுரும். குழி வெட்டிப் புதைக்கறதை விட இது சுளுவு. கதவுக்கு ரெண்டு கொண்டி போடுங்க, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. பூட்டு நல்லா இருந்தும் கீழ் மூலை வளைஞ்சு குடுத்த கூடு எத்தனையோ பாத்திருக்கேன்.

---

ராத்திரி_ஷிப்ட் | மார்ச் 3, மதியம் 1.20

சேவல் பத்தி நான் சொல்றேன். இருட்டாக்கினா கூவாதுன்னு பல பேர் சொல்வாங்க, அது பாதிதான் உண்மை. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துக்காரங்க 2013-ல சோதிச்சுப் பாத்தாங்க. சேவலை எந்நேரமும் மங்கலான வெளிச்சத்துலயே வெச்சிருந்தும் கிட்டத்தட்ட 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை அது பாட்டுக்குக் கூவிச்சு. உடம்புக்குள்ளயே கடிகாரம் இருக்கு. விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே கூவறதும் அதனாலதான். உங்க மூன்றரையும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். சாக்கு கட்டி அந்தக் கடிகாரத்தை நிறுத்த முடியாது. ஆனா வெளிச்சம் பட்டா கூவறதும், இன்னொரு சத்தம் கேட்டா கூவறதும் தனி. அதைக் குறைக்கலாம். தெருவிளக்கு எதுவும் கூட்டுல அடிக்குதான்னு பாருங்க.

அதே ஆட்கள் 2015-ல இன்னொண்ணும் சொன்னாங்க. கூட்டத்துல தரத்துல மேல இருக்கற சேவல்தான் மொதல்ல கூவும், அடுத்தடுத்த தரத்துல இருக்கறதுங்க அதுக்கப்புறம் வரிசையாக் கூவும். நீங்க ரெண்டு வெச்சிருக்கீங்க. ஒண்ணு கேக்க, ஒண்ணு பதில் சொல்ல, ஆறு மணி வரைக்கும் கச்சேரி. 7 பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். இன்னொண்ணை யாருக்காவது குடுத்துருங்க.

அடுத்தது தூரம். சேவலோட மூக்குகிட்ட சத்தம் 100 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கற அலகு) மேல போகும். குடியிருப்புப் பகுதியில ராத்திரி பத்துலருந்து காலை ஆறு வரைக்கும் 2000-ம் வருஷத்து ஒலி விதிகள் சொல்ற அளவு 45. கிட்டக்கூட வராது. ஆனா திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் கொறையும். இப்ப 8 அடி. கூட்டை எதிர் மூலைக்குத் தள்ளினா 32 அடி ஆகும்னு வெச்சா, 12 டெசிபல் சும்மாவே போச்சு. போதாக்குறைக்கு, சுவத்தை ஒட்டிக் கூடு இருந்தா சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும்.

---

பஞ்சாரம் | மார்ச் 3, மாலை 5.45

நீங்க கூடுன்னு சொல்றதை எங்க திருநெல்வேலி பக்கம் சின்னதா பஞ்சாரம்னு பின்னி வைப்போம். அதுல போட்டுக் கவுத்தா காத்து தாராளமா வரும். அந்த அறிவு தகரத்துக்கு இல்ல.

தம்பி, ரெண்டு விஷயம் யாராவது சொல்லுவாங்க, செய்யாதீங்க. ஒண்ணு, கழுத்துல பட்டை கட்டறது. இறுக்கமா இருந்தா மூச்சு முட்டும், தீனி தொண்டையில நிக்கும். லூசா இருந்தா பிரயோஜனமில்ல. இன்னொண்ணு, கழுத்தை நீட்ட முடியாதபடி தாழ்வான பெட்டியில ராத்திரி முழுக்க அடைக்கறது. அது சித்திரவதை.

சேவல் எதுக்கு வேணும்னும் யோசிச்சுப் பாருங்க. முட்டைக்குன்னா சேவலே வேண்டாம், பெட்டை அது பாட்டுக்கு முட்டை போடும். அடை வெச்சுக் குஞ்சு எடுக்கணும்னாத்தான் வேணும். இது தெரியாமலே பாதிப் பேர் சேவல் வெச்சிருக்காங்க.

---

மேட்டுக்காட்டான் | மார்ச் 3, இரவு 9.30

அக்கா, குஞ்சு எடுக்கணும்னுதான் ஆசை, அதனால ஒண்ணு இருக்கட்டும். அதை மட்டும் ராத்திரி ஒரு பெட்டியில வெக்கலாமா? காத்துக்கு ஓட்டை போட்டா அது வழியா சத்தமும் வந்துருமே?

---

வெல்டிங்பட்டறை | மார்ச் 4, காலை 8.10

வெக்கலாம், நிமிர்ந்து கழுத்தை நீட்டற அளவுக்கு உயரமா. 2 அடிக்கு 2 அடி, உயரம் இரண்டரை அடி. முக்கால் அங்குல பிளைவுட். ஒரு பக்கம் அடியில ஓட்டை, எதிர்ப்பக்கம் மேல ஓட்டை. ரெண்டுக்கும் உள்பக்கமா 2 அங்குலம் தள்ளி ஒரு பலகை நிக்கணும், ஓட்டையை விட நாலு அங்குலம் பெருசா. காத்து வளைஞ்சு வரும். வெளிச்சம் நேரா வராது, சத்தமும் முட்டி முட்டித்தான் வெளிய போகும். எட்டு ஒம்பது மணிக்கு உள்ள விட்டு ஆறேகாலுக்குத் தொறங்க. சுத்தமா நிக்காது, மட்டுப்படும். சித்திரை வெயில்ல இதைப் பண்ணாதீங்க.

தரைக்கு 3 அங்குலம் நெல் உமி போட்டு வாரத்துல ரெண்டு தடவை கிளறி விடுங்க. ஈரமான எடத்தை மட்டும் அள்ளுங்க. நாத்தம் இருக்கான்னு நின்னுட்டே பாக்காதீங்க, கோழி மூக்கு இருக்கற உயரத்துக்குக் குனிஞ்சு மோந்து பாருங்க. தகரத்து மேல தென்னங்கீத்துப் போடுங்க. கூட்டை நகத்தறப்பவே நீளவாக்கு கிழக்கு மேற்கா வெச்சிருங்க, வெயில் உள்ள அடிக்காது.

---

மேட்டுக்காட்டான் | மார்ச் 27, இரவு 8.55

இத்தனை நாள் எழுதாததுக்கு மன்னிக்கணும். கூட்டைப் பிரிச்சு எதிர் மூலையில கட்டினேன், மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. மெஷ் போட்டாச்சு, மூங்கிலுக்குப் பதிலா 2 அங்குலக் கட்டையை முனை மழுக்கி நடுவுல வெச்சாச்சு. போன வாரம் காம்பவுண்டு மேல மண்ணுக் கால் தடம் இருந்துச்சு. எல்லாக் கோழியும் பத்திரமா இருக்கு.

ஒரு சேவலை மாமனார் தோட்டத்துக்குக் குடுத்துட்டேன். அன்னைக்கு ராத்திரியே வித்தியாசம் தெரிஞ்சுது. இருக்கறது நாலு மணிக்கு மேல ரெண்டு மூணு தடவை கூவிட்டு நிறுத்திக்குது. பொறவு அஞ்சரைக்குத்தான். பெட்டி செஞ்சேன், ஆனா பத்து நாள்தான் போட்டேன், இப்ப வெக்கையா இருக்கு. அய்யா ஜன்னலைச் சாத்திட்டுப் படுக்கறதா சொன்னாரு. சந்தோஷமா சொன்னாரான்னு கேக்காதீங்க.

மூணாவது தெருவுல ஒரு சேவல் கூவினா இது பதில் சொல்லுது. அதுக்கு என்கிட்ட வழி இல்ல.

கடைசியா ஒண்ணு: இதையும் கோடை முடியற வரைக்கும் தோட்டத்துக்கே அனுப்பிரலாம்னு இருக்கேன். ஒரு பெட்டை அடைக்கு உக்கார்ற மாதிரி இருக்கு. சேவல் போனப்பறம் வர்ற முட்டை பொரிக்குமா?

---

பஞ்சாரம் | மார்ச் 27, இரவு 9.20

ஒரு வாரம் வரைக்கும் வர்ற முட்டையைத் தைரியமா வைங்க, அதுக்கப்புறம் கொறஞ்சுட்டே வரும். சேவல் போன தேதியிலருந்து ஒவ்வொரு முட்டையிலயும் தேதி எழுதுங்க. பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம்.