லெமன் சிக்கன் கசக்கிறது, தண்ணீர் விடுகிறது: என்ன மாற்ற வேண்டும்?

இரவுப்பணி கேட்டது:

வணக்கம். என்னிடம் இருப்பது ஒற்றை கேஸ் அடுப்பும் ஒரு இரும்புக் கடாயும்தான். ஓவன் கிடையாது. ஆறே பொருளில் லெமன் சிக்கன் செய்கிறேன்: அரை கிலோ தோல் உரித்த பிராய்லர், எலுமிச்சை இரண்டு, பூண்டு, மிளகு, உப்பு, எண்ணெய்.

காலையிலேயே கறியில் ஒரு பழத்தின் சாறும் உப்பும் மிளகும் பிரட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். ராத்திரி வந்ததும் பூண்டை வதக்கி, கறி முழுவதையும் கொட்டி, இன்னொரு பழத்தை வட்டமாக நறுக்கி மேலே பரப்பி, மூடி வேக வைப்பேன். கறி நீச்சலடிக்கிற அளவுக்குத் தண்ணீர் விடுகிறது. துண்டுகள் வெளுத்தே கிடக்கின்றன. வெளியே மாவாக இருக்கிறது, உள்ளே நார் நாராக வருகிறது. சாறு கறுத்துக் கசக்கிறது. சர்க்கரை போட்டும் கசப்பு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார். அவருக்குக் காரம் ஆகாது, அதனால் இதையே நன்றாகச் செய்து கொடுக்க ஆசை. புதுப் பொருள் எதுவும் சேர்க்காமல் வழி இருக்கிறதா?

அடுப்படி அக்கா:

இருக்கு தம்பி. கசப்பை முதலில் பார்ப்போம். எலுமிச்சையின் மேல்தோலில்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் வெள்ளைத் தோலும் விதையும் கசக்கும், லிமோனின் என்ற பொருள்தான் காரணம். வட்டமாக நறுக்கிய பழத்தை மூடி வேகவைத்தால் அந்தக் கசப்பு முழுக்கச் சாறில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு சர்க்கரை போட்டால் இனிப்பும் கசப்பும் தனித்தனியாகத்தான் நிற்கும். நறுக்கிப் போடுவதை நிறுத்துங்கள். பழத்தைக் கழுவி, மேல்தோலை மட்டும் பொடித்துருவலில் லேசாகத் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழத்துக்குத் தோல் மெல்லிசு, இரண்டு இழுப்பிலேயே வெள்ளை வந்துவிடும், கவனம். சாறு பிழியும்போது விதை வடிகட்டுங்கள், தோல் மடங்கும் அளவுக்கு நசுக்க வேண்டாம்.

கடாய் விஷயம்: புளிப்பு இரும்பில் பட்டுக் கொதித்தால் சாறு கறுக்கும், உலோக ருசியும் வரும். கறுப்புக்குக் காரணம் அதுதான்.

கரிவேப்பிலை:

ஊறவைப்பதையும் நிறுத்தச் சொல்வீர்களா அக்கா? நாங்கள் தந்தூரிக்கு ராத்திரி முழுக்க ஊறவைக்கிறோம், கறி பஞ்சாகத்தான் வருகிறது.

அடுப்படி அக்கா:

உங்கள் மசாலாவில் தயிர்தான் பிரதானம், எலுமிச்சை ஒரு ஸ்பூன் இருந்தால் அதிகம். தயிரின் புளிப்பு மென்மையானது. வெறும் எலுமிச்சைச் சாறில் காலையிலிருந்து ராத்திரி வரை கிடந்தால், அடுப்பில் ஏறும் முன்பே கறியின் வெளிப்பக்கம் வெளுத்து இறுகிவிடும். அப்புறம் அது மாவாகும். இவருக்கு உப்பும் மிளகும் போதும். காலையில் உப்பு தடவி வைப்பது நல்ல பழக்கம், அதை விடவேண்டாம். அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் சரியாக இருக்கும்.

மண்சட்டி:

தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன். கழுவிய கறியை வடிதட்டில் போட்டு, சமைக்கும் முன் சுத்தமான துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும் வரை கறி வெந்துகொண்டே இருக்கும், சிவக்காது. புளிப்பும் சிவப்பதைத் தடுக்கும்.

கடாய் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, பாதித் துண்டுகளை மட்டும் இடைவெளி விட்டு வையுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் சூடு இறங்கி, வருகிற நீர் ஆவியாக வழியில்லாமல் தேங்கும். வைத்ததும் கிளறாதீர்கள். முதலில் அடியில் ஒட்டிப் பிடிக்கும். சிவந்தால் தானே விட்டுக்கொடுக்கும். அப்போது திருப்பினால் போதும். ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகும். இரண்டு தடவையாக வறுத்து எல்லாவற்றையும் திரும்பச் சேருங்கள். பூண்டைத் தட்டி இப்போதுதான் போட வேண்டும். முதலிலேயே போட்ட பூண்டு கருகிவிடும், அதுவும் ஒரு கசப்பு.

பூண்டு மணம் வந்ததும் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். இந்தச் சமையலுக்கு மசாலா இல்லை, ருசி முழுக்க அந்தப் பழுப்பில்தான். மூடி போட்டு, சிறுதீயில் சின்னத் துண்டானால் 12 நிமிடம்.

இரவுப்பணி:

மிக்க நன்றி. எல்லாம் புரிகிறது. ஆனால் கடைசியில் எலுமிச்சை சேர்த்தே ஆக வேண்டுமே, இருப்பது இரும்புக் கடாய்தானே?

அடுப்படி அக்கா:

கடாயில் சேர்க்காதீர்கள். மூடியைத் திறந்து, சாறு கரண்டியில் ஒட்டும் அளவுக்கு வற்றவிட்டு, கறியோடு எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதில் ஒரு பழத்தின் சாறும் துருவிய தோலும் விட்டுப் பிரட்டி, மூடி மூன்று நிமிடம் வையுங்கள். கறியின் சூடே போதும். கொதிக்காத சாறில்தான் எலுமிச்சையின் வாசனை நிற்கும். இரண்டாவது பழம் தட்டில் பிழிந்துகொள்ள.

கரிவேப்பிலை:

கடையில் தொடைக்கறியாகக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறி கொஞ்சம் கூடுதலாக வெந்தாலே வறண்டுவிடும், தொடை பொறுத்துக்கொள்ளும். தோலோடு கிடைத்தால் இன்னும் நல்லது, அந்தக் கொழுப்பிலேயே வறுபடும்.

இரவுப்பணி:

இன்று தொடைக்கறியில் செய்து பார்த்தேன். தண்ணீர் விடவில்லை, நன்றாகச் சிவந்தது, கசப்பு துளியும் இல்லை. கடாயைத் துடைக்கும் முன் அடியில் இருந்த பூண்டை வழித்துச் சாப்பிட்டேன், அவ்வளவு ருசி! ஒரே ஒரு சந்தேகம்: பெரிய துண்டு ஒன்றில் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தது. வேகவில்லையா?

மண்சட்டி:

நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இளம் பிராய்லரில் எலும்புக்குள் இருக்கும் நிறம் கசிந்து, வெந்த பிறகும் அப்படித் தெரிவதுண்டு. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்துங்கள், 74 டிகிரி செல்சியஸ் வந்திருந்தால் பயமில்லை. இல்லையென்றால் கத்தியால் எலும்பு வரை கீறுங்கள். சதை வழுவழுப்பாக, கண்ணாடி போல இருந்தால் இன்னும் வேக வேண்டும். கறி எலும்பை விட்டு லேசாகப் பிரிந்தால் இறக்கலாம். எலுமிச்சை சேர்ப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கு முழு லெக் பீஸாக வைத்தால் சிறுதீயில் 25 நிமிடம் விடுங்கள், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள்.